வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சிறு நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்ப்பது என் தொழில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி வீடு வீடாக அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து போனில் ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அதே லேப்டாப், அதே வேலை. ஆபீஸில் இல்லாத ஆபத்து வீட்டில் எங்கிருந்து வருகிறது?

இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, இணைப்பு. ஆபீஸில் வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால் இருக்கும், அதைக் கவனிக்க ஒரு ஆள் இருப்பார். வீட்டில் இருப்பது கேபிள்காரத் தம்பி மாட்டிவிட்டுப் போன ரவுட்டர்.

இரண்டாவதுதான் பெரிது: பக்கத்து சீட் காலி. ஆபீஸில் ஒரு மாதிரியான மெயில் வந்தால் நாற்காலியைத் திருப்பி, "உனக்கும் இது வந்துச்சா?" என்று கேட்போம். அவர் "இல்லையே, என்னது அது?" என்று எட்டிப் பார்ப்பார். பாதி மோசடி அங்கேயே செத்துவிடும். வீட்டில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே மெயில் பார்க்கிறோம், கேட்க ஆள் இல்லை. ஏமாற்றுகிறவர்கள் நம்மைவிட நன்றாக இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

"ஐடி டீமிலிருந்து பேசுகிறேன்" என்று போன் வருகிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். நல்லவராகவே இருந்தாலும் வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள்.

2020 ஜூலையில் ட்விட்டர் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது அங்கே எல்லோரும் வீட்டிலிருந்து வேலை. புதிதாக எல்லோரும் விபிஎன் (வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் தனிப் பாதை) வழியாக நுழைவதால் அது அடிக்கடி மக்கர் பண்ணியது. இதைத் தெரிந்துகொண்ட ஒரு சின்னக் கும்பல், "ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் விபிஎன் பிரச்சினையைச் சரிசெய்யத்தான்" என்று ஊழியர்களைப் போனில் அழைத்தது. உண்மையிலேயே பிரச்சினை இருந்தது, அதனால் சந்தேகம் வரவில்லை. அசல் லாகின் பக்கம் போலவே செய்த போலிப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். ஊழியர் அங்கே தட்டிய பாஸ்வேர்டை இவர்கள் அதே நொடியில் அசல் பக்கத்தில் தட்டினார்கள். ஊழியரின் போனுக்கு அனுமதி கேட்டு நோட்டிஃபிகேஷன் போயிற்று. சிலர் அதையும் அழுத்திவிட்டார்கள். முடிந்தது கதை.

130 கணக்குகளைக் குறிவைத்தார்கள். ஒபாமா, பைடன், ஈலான் மஸ்க் பெயரில் "பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் தருகிறேன்" என்று பதிவு வந்தது. ஒரு லட்சத்து 18 ஆயிரம் டாலருக்கு மேல் சுருட்டினார்கள். மூளையாக இருந்தவன் ஃபுளோரிடாவைச் சேர்ந்த 17 வயதுப் பையன். இதில் கவனிக்க ஒன்று உண்டு: போன் வந்த ஊழியர்களில் சிலர் சந்தேகப்பட்டு நிறுவனத்துக்குள்ளேயே புகாரும் செய்திருக்கிறார்கள். ஆனால் தனித்தனி வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ ஒருவர் நம்பினால் போதுமே.

நம் ஊரில் இதன் வடிவம் இப்படி இருக்கும்: "மேடம், உங்க சிஸ்டத்துல ஒரு எரர் காட்டுது. எனிடெஸ்க் ஓபன் பண்ணி அந்த ஒன்பது நம்பர மட்டும் சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம்." எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் தூரத்திலிருந்தே இன்னொருவர் கம்ப்யூட்டரை இயக்க உதவும் நல்ல மென்பொருள்தான், நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த எண்ணைச் சொல்லி 'அக்செப்ட்' அழுத்துவது, வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பதற்குச் சமம். என் வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லிவைத்திருப்பது: நானே போன் செய்து கேட்டாலும் வைத்துவிடுங்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என் நம்பருக்கு நீங்கள் கூப்பிடுங்கள். அந்த நம்பரை லேப்டாப் மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியும் கொடுத்திருக்கிறேன். லேப்டாப்பே முடங்கிப்போனாலும் அந்தச் சீட்டு வேலை செய்யும்.

போனில் "அனுமதிக்கவா?" என்று அடுத்தடுத்து நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருக்கிறது. நான் ஒன்றுமே செய்யவில்லையே?

நீங்கள் செய்யவில்லை, உங்கள் பாஸ்வேர்டு தெரிந்த வேறு யாரோ செய்கிறார்கள். நீங்கள் களைத்துப்போய் ஒருமுறை 'சரி' அழுத்துவதற்காகக் காத்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் உபர் நிறுவனத்துக்குள் இப்படித்தான் நுழைந்தார்கள். ஒரு ஒப்பந்தப் பணியாளருக்குத் திரும்பத் திரும்ப அனுமதி கேட்டுத் தொல்லை கொடுத்தார்கள். கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

'மறுக்கிறேன்' அழுத்துங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஆபீஸுக்குச் சொல்லுங்கள். ராத்திரி பதினொரு மணியாக இருந்தாலும் சொல்லுங்கள்.

அப்படியென்றால் ஓடிபி, இரண்டடுக்குப் பாதுகாப்பு எல்லாம் வீணா?

வீணில்லை. இல்லாததைவிட எவ்வளவோ மேல். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தை முடக்கியவர்கள், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் வழியாகத்தான் நுழைந்தார்கள். அந்தக் கணக்குக்கு இரண்டாவது பூட்டு இல்லை. பெட்ரோல் குழாயையே நிறுத்தவேண்டி வந்து, பங்க்குகளில் வரிசை நின்றது.

ஆனால் ஓடிபியை மனிதர்தான் பார்த்துத் தட்டுகிறார், மனிதரை ஏமாற்றலாம். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது யுஎஸ்பி செக்யூரிட்டி கீ (கம்ப்யூட்டரில் செருகும் சின்னச் சாவி) என்றால் கதை வேறு. அது தளத்தின் முகவரியைத் தானே சரிபார்க்கும். போலிப் பக்கம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் அங்கே அது வாய் திறக்காது. ட்விட்டரும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊழியர்களுக்குச் செக்யூரிட்டி கீதான் கொடுத்தது. உங்கள் ஆபீஸில் அந்த வசதி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்ற வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கட்சி. அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-லேயே, காரணமில்லாமல் குறித்த கால இடைவெளியில் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் என்ன செய்கிறார்கள்? 'முருகன்@1' அடுத்த மாதம் 'முருகன்@2' ஆகிறது. யாருக்கு என்ன லாபம்?

நீளம்தான் முக்கியம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: புளியோதரை, ஜன்னல், மூக்கணாங்கயிறு, ஏழரை. அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டினால் நீளமும் கிடைக்கும், மறக்கவும் மறக்காது. (இதையே எடுத்து வைத்துவிடாதீர்கள். பழமொழி, பாட்டு வரி, குறள் எதுவும் வேண்டாம், அவை எல்லோருக்கும் தெரிந்தவை.) அதை ஒரு பாஸ்வேர்டு மேனேஜருக்குத் தலைச்சாவியாக வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அந்த மேனேஜரே உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஒரே பாஸ்வேர்டை ஆபீஸுக்கும் மளிகை ஆப்புக்கும் வைப்பதுதான் உண்மையான பாவம்.

ரவுட்டரில் நான் என்ன பார்க்க வேண்டும்? எனக்கு அதெல்லாம் தெரியாதே.

முதலில் அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். தூசியைத் துடைத்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168.1.1 என்பதுபோல் ஒரு எண், ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு. அந்த எண்ணை பிரவுசரில் தட்டினால் ரவுட்டரின் உள்ளறை திறக்கும். பல ரவுட்டர்களில் யூசர்நேமும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே இருக்கும். தெரு முழுக்க அதே கம்பெனி, அதே மாடல், அதே 'அட்மின்'. இதை முதலில் மாற்றுங்கள்.

அடுத்து வை-ஃபை பாஸ்வேர்டு. மாட்டிவிட்டுப் போனவர் பெரும்பாலும் உங்கள் செல்போன் நம்பரையே வைத்திருப்பார், அவருக்கும் நினைவில் நிற்க வேண்டுமே. அதையும் மாற்றுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு தட்டாமலே வை-ஃபையில் இணைக்கும் வசதி) என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் என்று ஒரு பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். கைக்கு வரவில்லையா, கேபிள்காரரையே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள். புதுப் பாஸ்வேர்டை மட்டும் நீங்களே தட்டுங்கள்.

இன்னொன்று, 'கெஸ்ட் நெட்வொர்க்': அதே ரவுட்டரில் தனியாக ஓடும் இரண்டாவது வை-ஃபை. பெயர் விருந்தாளிக்கு என்றாலும் நான் அதில் போடச் சொல்வது டிவியையும் சிசிடிவி கேமராவையும்தான். ஆபீஸ் லேப்டாப்பும் ஐந்து வருடமாக அப்டேட் ஆகாத கேமராவும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டாம்.

ஆபீஸ் லேப்டாப்பில் பையன் அரை மணி நேரம் கேம் விளையாடினால் என்ன ஆகிவிடும்?

ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் பையன் கேமோடு நிற்க மாட்டான், கேமை மாற்றியமைக்கும் 'மோட்' தேடுவான், இலவச நாணயம் தருகிறேன் என்னும் தளத்துக்குப் போவான். வீட்டுக்கென்று ஒரு பழைய டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அது மலிவு.

வீட்டுக் கம்ப்யூட்டரால் ஒரு நிறுவனமே ஆட்டம் கண்ட கதையும் உண்டு. லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனம். அதன் உள்பெட்டகத்தைத் திறக்கும் அனுமதி நான்கே நான்கு பொறியாளர்களுக்குத்தான் இருந்தது. 2022-ல் அவர்களில் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரைக் குறிவைத்தார்கள். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் அவர் வைத்திருந்த ப்ளெக்ஸ் மென்பொருளில் ஓர் ஓட்டை. அதன் வழியாக, அவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவுசெய்யும் நிரலை நுழைத்தார்கள். அவர் இரண்டடுக்குச் சோதனை எல்லாம் ஒழுங்காகச் செய்துதான் உள்ளே போனார், அவரோடு சேர்ந்து திருடனும் போனான். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் அடங்கிய பெட்டக நகல்கள்வரை பறிபோயின. வயிறெரிய வைக்கும் பகுதி இது: அந்த ஓட்டைக்கு 2020 மே மாதமே அப்டேட் வந்துவிட்டது. அவர் போடவே இல்லை.

மேலே பாஸ்வேர்டு மேனேஜர் வையுங்கள் என்று சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். ஆமாம், இப்போதும் வையுங்கள் என்றுதான் சொல்வேன். நீளமான தலைச்சாவி வைத்திருந்தவர்களின் பெட்டகத்தை உடைப்பது திருடியவர்களுக்கும் சுலபமில்லை.

என்னிடம் ஆபீஸ் லேப்டாப் இல்லை. சொந்தக் கம்ப்யூட்டரில்தான் வேலை.

விண்டோஸ் 10 என்றால், மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 11-க்கு மாறுங்கள், அல்லது கூடுதல் காலப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யுங்கள். கிராக் செய்த ஆபீஸ், கிராக் செய்த ஃபோட்டோஷாப் இருந்தால் இன்றே நீக்குங்கள். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று ஒரு மென்பொருள் கேட்டால் அது எதற்குக் கேட்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். வேலைக்கென்று தனி யூசர் கணக்கு திறந்துகொள்ளுங்கள், அதற்கு அட்மின் உரிமை வேண்டாம்.

விபிஎன் போட்டால் பாதுகாப்புதானே? பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறதே.

ஆபீஸ் கொடுக்கும் விபிஎன் வேறு, அது வேறு. ஆபீஸுடையது உங்கள் வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போகும் தனிப் பாதை. இலவச ஆப் என்பது உங்கள் போக்குவரத்தை எல்லாம் முகம் தெரியாத ஒருவரின் வீட்டு வாசல் வழியாக அனுப்புவது. அவருக்கு எங்கிருந்து வருமானம் என்று கேட்டுப் பாருங்கள்.

ரயிலில், காபி கடையில் வை-ஃபை?

போன் ஹாட்ஸ்பாட் போதும். தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவர்தான் அங்கே பெரிய ஹேக்கர்.

மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முழுத் திரையைப் பகிராதீர்கள், தேவையான ஜன்னலை மட்டும் பகிருங்கள். முழுத் திரையைப் பகிர்ந்துவிட்டு வாட்ஸ்அப் வெப் மூலையில் குதித்து, "டாக்டர் ரிப்போர்ட் வந்துடுச்சு" என்று பத்துப் பேருக்கு அறிவித்ததை நானே பார்த்திருக்கிறேன். மீட்டிங் லிங்க்கை ஃபேஸ்புக்கில் போட வேண்டாம், வெயிட்டிங் ரூம் வைத்துக்கொள்ளுங்கள். 2020-ல் ஜூம் கூட்டங்களில் அழையா விருந்தாளிகள் புகுந்து ஆபாசம் காட்டியதெல்லாம், பாஸ்கோடு இல்லாத கூட்டங்களிலும் லிங்க் பொதுவில் கிடந்த கூட்டங்களிலும்தான் பெரும்பாலும் நடந்தது.

மேனேஜரே வீடியோ காலில் வந்து பணம் அனுப்பச் சொன்னால்?

முகம் பார்த்தால் நம்பிவிடலாம் என்ற காலம் போய்விட்டது. அரூப் என்ற பெரிய பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் கிளையில் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு, பிரிட்டனில் இருக்கும் தலைமை நிதி அதிகாரி பெயரில் 'ரகசியப் பரிவர்த்தனை' என்று செய்தி வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டிருக்கிறார். பிறகு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். அதிகாரி இருந்தார், தெரிந்த சகாக்கள் இருந்தார்கள், பேசினார்கள். சந்தேகம் போயிற்று. 15 தவணையில் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் உயிருள்ள ஆள் அவர் ஒருவர்தான், மற்ற எல்லோரும் டீப்ஃபேக், அதாவது கம்ப்யூட்டர் உருவாக்கிய போலி முகமும் குரலும். 2024 தொடக்கத்தில் இது வெளியே வந்தது.

பக்கத்து சீட் என்று முதலில் சொன்னேனே, அது இங்கே எப்படி உதவியிருக்கும் பாருங்கள். ஒரே ஒரு ஆளை, தன்னிடமிருந்த பழைய நம்பரில் கூப்பிட்டு "சார், நீங்கள் இப்போது என்னோடு மீட்டிங்கில் இருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தால் போதும். 'ரகசியம், யாரிடமும் சொல்லாதே' என்ற சொல் வந்தாலே அது உங்களைத் தனியாக்கும் வேலை. சிறு நிறுவனங்களில் முதலாளியின் புகைப்படத்தை டிபியாக வைத்து, "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் அனுப்பு" என்று வரும் வாட்ஸ்அப்பும் இதன் தம்பிதான்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' அண்ணன். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, கேமராவை அணைக்காதே, அறையை விட்டு வெளியே போகாதே என்பார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. கட் பண்ணுங்கள், அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

டெலிகிராமில் 'வீட்டிலிருந்தே தினம் 3,000 ரூபாய்' என்று வேலை வருகிறதே?

யூடியூப் வீடியோவுக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுது என்பார்கள். முதல் நாள் 150 ரூபாய் உண்மையாகவே கணக்கில் வரும். அதுதான் தூண்டில் புழு. அப்புறம் 'ப்ரீபெய்ட் டாஸ்க்': ஆயிரம் கட்டு, 1,300 வரும். வரும். பிறகு பத்தாயிரம், ஐம்பதாயிரம். திரையில் உங்கள் பெயருக்கு நேரே லட்சங்கள் ஏறிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் 'வரி கட்டு' என்பார்கள். சம்பளம் வாங்கப் போகிற இடத்தில் நாம் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

உங்கள் வங்கிக் கணக்கைக் 'கமிஷனுக்கு' வாடகைக்குக் கேட்டால் இன்னும் மோசம். அது திருட்டுப் பணம் ஓடும் கணக்கு, போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

வேலையைச் சுருக்க சாட்ஜிபிடியில் ஆபீஸ் ஃபைலைப் போடலாமா?

ஆபீஸ் அனுமதித்த கணக்கில் மட்டும். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் நிரல்வரிகளை அதில் ஒட்டிவிட்டார்கள். அந்த மே மாதமே நிறுவனம் இப்படிப்பட்ட கருவிகளுக்குத் தடை போட்டது. வாடிக்கையாளர் பெயர், ஆதார், சம்பளப் பட்டியல் எதுவும் வேண்டாம்.

தப்பான லிங்க்கை அழுத்திவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வை-ஃபையை அணையுங்கள், லேப்டாப்பை அணைக்காதீர்கள். வேறு ஒரு போனிலிருந்து ஆபீஸுக்குச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு தட்டியிருந்தால் அதை வேறு கருவியிலிருந்து மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள்.

திட்டு விழுமே என்று மறைப்பவர்கள்தான் எனக்குத் தலைவலி. ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் ஒரு பெண் வெள்ளிக்கிழமை மாலை லிங்க்கை அழுத்திவிட்டு, திங்கட்கிழமை சொன்னார். அந்த இரண்டு நாளில் அவர் மெயிலிலிருந்து நாற்பது பேருக்குப் 'புது வங்கிக் கணக்கு எண்' போயிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதற்கு முந்தின மாதம் இதேபோல் சொன்ன இன்னொருவரை அந்த முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தார். முதலாளிகளே, இதைப் படித்தால் கொஞ்சம் யோசியுங்கள். நிறுவனத்துக்கும் அவகாசம் அதிகமில்லை: 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் (இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி இத்தகைய சம்பவங்களைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும்.

பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள், அதனால் நிமிடம் முக்கியம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் எழுதலாம். வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தாலும், வங்கியிடம் சொன்ன நேரத்துக்குப் பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. ஆகவே சொன்ன நேரத்துக்குச் சாட்சி இருக்கட்டும்.

லேப்டாப் கேமராவை மூடி வைக்கலாமா? பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கிறார்கள்.

2016-ல் மார்க் ஸக்கர்பெர்க் வெளியிட்ட ஒரு புகைப்படத்தில், பின்னால் இருந்த அவருடைய லேப்டாப்பின் கேமராவில் டேப் ஒட்டியிருந்ததை உலகமே பார்த்தது. சிரிப்பவர்களிடம் அதைக் காட்டுங்கள். தடிமனான பிளாஸ்டிக் மூடி மட்டும் வேண்டாம், மூடும்போது திரை விரிசல் விடலாம் என்று ஆப்பிளே தன் மேக்புக்குகளுக்கு எச்சரித்திருக்கிறது. என் மனைவி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறாள். மீட்டிங் வந்தால் எடுத்துத் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறாள், முடிந்ததும் திரும்பக் கேமராவுக்கு.